நிறுத்தும் மாத்திரையும் வெள்ளிக்கிழமை போனும்

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு ஊரில் யார் வயிறு எப்படி இருக்கிறது என்று தெரியும். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். நான் இரண்டு வகையிலும் சேர்த்தி.

தொண்ணூறுகளில் மேலப்பாளையம் பஜாரில் காசிம் பாயின் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். என் டி.பார்ம் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். அதற்கு நேர் கீழே நான் நிற்பேன். பக்கத்தில் மருந்து எடுத்துக்கொடுக்கும் முருகையா அண்ணாச்சி. கணவர் மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு அவர் ஊரில் இருக்க வேண்டுமே. ராதாபுரத்திலிருந்து வந்து குலவணிகர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். காலையில் பூட்டும் பூட்டை ராத்திரி நானே திறப்பேன். உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அந்த ஒழுங்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடையில் அதிகம் போகும் சரக்குகளில் ஒன்று பேதியை நிறுத்தும் மாத்திரை. அட்டையில் நீளமாக ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நிறுத்துற மாத்திரை" என்றால் எங்களுக்குப் புரிந்துவிடும். அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டோ நாலோ கொடுப்போம்.

வீட்டுக்காரிக்கு

பொம்பளை நிற்கும் கடையில் ஆம்பளை வந்து வயிற்றுக் கோளாறைச் சொல்வது லேசான காரியமில்லை. பீடிக் கம்பெனிக் கணக்கர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. முருகையா அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். கணக்கர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தலைவலித் தைலம் ஒன்று வாங்கினார். போகவில்லை. ஒரு சோப்பு வாங்கினார். அப்புறமும் போகவில்லை. பஞ்சு கேட்டார். நெற்றியில் வியர்வை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். இந்த நிற்பைப் பார்த்தால் எந்த மருந்துக்கடைக்காரிக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

நானாகவே அந்த அட்டையை எடுத்தேன். ஆனால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு போனாலோ ரத்தம் கலந்து போனாலோ அதை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். "காய்ச்சல் இருக்கா? ரத்தம் போகுதா?" என்றேன். மனிதர் அப்படியே சுருங்கிப்போனார். "எனக்கில்ல, வீட்டுக்காரிக்கு" என்றார். இரண்டும் இல்லையாம். மாத்திரையை வாங்கிக்கொண்டு நாலு கடை தாண்டியவர் வேகமாகத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இது பொம்பளைக்கு மட்டுமா, இல்ல ஆம்பளையும் போட்டுக்கிடலாமா?"

தூரத்துச் சொந்தம்

இந்த மாத்திரைக்கு ஒரு குடும்ப ரகசியம் உண்டு. இது அபினிக்குத் தூரத்துச் சொந்தம். அபினி தலைக்கு ஏறும். இது தலைப்பக்கம் ஏறாமல் குடலோடு நின்றுவிடும். அவசர அவசரமாக ஓடும் குடலைப் பிடித்து, பைய நட என்று சொல்லும். அவ்வளவுதான் இதன் வேலை. இதே இனத்தில் இன்னொரு மாத்திரையும் உண்டு. அதை யாரும் போதைக்காக அள்ளித் தின்றுவிடக் கூடாதென்று, அதிகம் தின்றால் வாய் வறண்டு நெஞ்சு படபடக்கும்படி வேறொரு மருந்தைக் கொஞ்சம் கலந்தே செய்வார்கள்.

ஆள் இல்லாத ஒரு மத்தியானம் இதையெல்லாம் முருகையா அண்ணாச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் யாரிடமாவது பேச வேண்டுமே. கடை ஓரத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு பெரியவர் காதில் அபினி என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. மனிதர் தறி நெய்கிறவர். சற்று நேரம் கழித்து, வயிறு சரியில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நாலு மாத்திரை வாங்கிப் போனார். சில நாள் கழித்து வந்து நின்றபோது நிஜமாகவே முகம் சுளித்திருந்தது:

"என்னம்மா அபினி இது? கண்ணும் சொக்கல, ஒண்ணும் சொக்கல. அன்னையிலேர்ந்து வெளிக்கே போவலியே!"

ஜும்மா நேரம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஜார் முழுக்கத் தொழுகைக்குப் போய்விடும். கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். எங்கள் கடையில் நானும் முருகையா அண்ணாச்சியும் மட்டும் இருப்போம். அந்த நேரத்தில்தான் மஸ்கட்டிலிருந்து அவர் போன் வரும். என் வீட்டில் போன் கிடையாது. முதலாளி பெரிய மனது பண்ணி, "கடைக்கே பேசச் சொல்லும்மா, அந்நேரம் யாவாரமா நடக்கு" என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு கண்டிப்புதான். வெளிநாட்டு போன் என்றால் யார் எடுத்தாலும் சுருக்கமாகப் பேச வேண்டும். கூப்பிடுகிறவருக்குக் காசு ஓடுகிறது. மேலப்பாளையத்தில் பாதி வீட்டில் ஆள் வெளிநாட்டில். இந்தச் சட்டம் தெரியாத பிள்ளை அங்கே கிடையாது.

வாரம் முழுக்க என்னென்னவோ பேச நினைத்து வைத்திருப்பேன். போனை எடுத்ததும் எல்லாம் போய்விடும். எப்போதும் ஒன்றிரண்டு பேராவது கவுண்டரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மாத்திரை டப்பாக்களிலும் காதை என்னிடமும் வைத்திருப்பார்கள். பங்குனியோடு அவருடைய காண்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கிறீர்களா என்று கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. "என்னளா செய்ய? கையெழுத்துப் போடவா, வந்திரவா?" என்று அவர் கேட்டார். வந்துருங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிரே நின்றவர்களைப் பார்த்தேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் இருமல் மருந்துக்கு நின்ற பெண் ஆற்றாமையோடு கேட்டாள்:

"என்னக்கா, மாப்பிள்ளைகிட்ட இம்புட்டுத்தானா பேசுவீங்க?"

பிரியாணிக்கு மறுநாள்

ஒரு கல்யாண வீட்டு விருந்துக்கு மறுநாள், கடை திறந்ததிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கோளாறு, ஒரே மாத்திரை. எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லக் கூடாதாம். ஒருவர் முந்தாநாள் தின்ற வடையின் மேல் பழியைப் போட்டார். இன்னொருவர் திருநெல்வேலித் தண்ணீரே சரியில்லை என்றார். தாமிரபரணியை அவ்வளவு லேசாக யாரும் வைததில்லை.

பத்து மணிக்குப் பெண்ணைப் பெற்றவரே வந்துவிட்டார். கண் உள்ளே போயிருந்தது, ஆனாலும் நடையில் மிடுக்குக் குறையவில்லை. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு கட்டு, நிறுத்தும் மாத்திரை அட்டை அட்டையாக வேண்டும் என்றார். சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிறாராம். மாத்திரை வேண்டுகிறவர்களை நேரில் வரச் சொல்லுங்கள், கேட்டுத்தான் கொடுப்பேன் என்று பொட்டலங்களை மட்டும் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கவுண்டர் மேல் குனிந்து சொன்னார்:

"வாரவகளுக்கு எல்லாம் குடும்மா. எங்க வீட்டுச் சாப்பாட்டாலன்னு எவன் சொன்னாலும் நம்பிராத."

பார்சல்

மேலப்பாளையத்திலிருந்து யாராவது பயணம் கிளம்பினால் தெருவே பார்சல் கொண்டுவரும். அல்வா, ஊறுகாய், கருப்பட்டி, சட்டைத் துணி. கொடுப்பவர்களுக்கும் போகிறவருக்கும் எந்தச் சொந்தமும் வேண்டியதில்லை. ஊர் ஒன்றாக இருந்தால் போதும். ஷாகுல் என்கிற பையன் மஸ்கட் போகிறான் என்று தெரிந்ததும் நானும் ஒரு பொட்டலம் கட்டினேன். தொழிலாளர் கேம்ப் சாப்பாடும் வெயிலும் சேர்ந்து அவருக்கு அடிக்கடி வயிற்றைக் கலக்குவதாக எழுதியிருந்தார். அபினிச் சொந்தம் என்பதால் அங்கே ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்று போய்வந்தவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் டாக்டர் சீட்டு வாங்கி, அட்டையை வெட்டாமல் முழுசாக வைத்து, சீட்டை மேலே வைத்துக் கட்டினேன்.

ஷாகுல் வீட்டு வாசலில் கார் நின்றது. அவன் உம்மா அழுதுகொண்டிருந்தார். அக்காமார் அழுதார்கள். நான் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். "அண்ணன்கிட்ட என்ன சொல்லணும்க்கா?" என்று கேட்டான். எத்தனையோ சொல்லலாம். என் வாடகை வீட்டு ஜாமான்கள் வைத்த இடத்திலேயே இருப்பதைச் சொல்லலாம். அத்தனை பேர் முன்னால் எனக்கு வந்தது, "கொதிச்ச தண்ணி குடிக்கச் சொல்லு, மாத்திரைல தேதி பார்த்துப் போடச் சொல்லு" என்பதுதான். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான்:

"எல்லாரும் அழுதுகிட்டு நிக்காங்க, நீங்க எக்ஸ்பயரி தேதி சொல்லுதீங்களேக்கா!"

கண்ணில் தண்ணீர்

கார்த்திகை மாதம். கையெழுத்து விஷயத்தில் அந்த வாரம் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை யார் நின்றாலும் சரி, வந்துருங்க என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். முருகையா அண்ணாச்சியிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு, காலையிலிருந்தே போன் பக்கம் ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தேன். ஒத்திகை கூடப் பார்த்தேன். ஒரு சொல்தான். அதற்கு ஒத்திகை.

பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். ஜரினா என்று பெயர். வீட்டுக்காரன் சவூதியில். பிள்ளைக்கு நேற்றிலிருந்து பேதி, நிறுத்துவதற்குச் சொட்டு மருந்து வேண்டும் என்றாள். முன்பு அப்படி ஒன்று குழந்தைகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பிஞ்சுக் குடல் அசைவையே நிறுத்தி, வயிறு ஊதி, உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்று பிறகு அது விற்பனையை விட்டே போய்விட்டது. இல்லை என்றேன். அப்படியானால் பெரியவர்கள் மாத்திரையைக் கால்வாசி ஒடித்துக் கொடுங்கள் என்றாள். கொடுக்க மாட்டேன் என்றேன். "தந்தா தாங்க, இல்லாட்டி வேற கடையில்லாமயா போச்சு!" என்று கத்தினாள். பிள்ளையும் அழுதது, ஆனால் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. நாக்கு காய்ந்து கிடந்தது. நிறுத்துவதற்கு அந்த உடம்பில் இனி ஒன்றுமே இல்லை, ஊற்றத்தான் வேண்டும். "பெரியாஸ்பத்திரிக்குப் போ, உடனே போ" என்றேன். அவள் தெருவைப் பார்த்தாள். கூட்டிப்போக ஒரு ஆம்பளை இல்லை, எல்லாரும் தொழுகையில். தனியாக அவள் பஜாரைத் தாண்டிக்கூடப் போனதில்லையாம்.

போனைப் பார்த்தேன். அது மணியடிக்கவில்லை. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொதித்தாறிய தண்ணீரில் கலக்கி எடுத்துக்கொண்டு, அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி நானும் ஏறினேன். பெரியாஸ்பத்திரி இருக்கும் ஐகிரவுண்ட் போகும் வரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக்கொண்டே போனோம். பாதி என் சேலையில் சிந்தியது. அங்கே போனதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பொழுது சாயும் நேரத்தில், மடியில் கிடந்த பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. ஜரினா என் கையைப் பிடித்து இழுத்தாள்:

"அக்கா, பாருங்க, பாருங்க, அழுவையில கண்ணுல தண்ணி வருது!"

சுருக்கம்

கடைக்குத் திரும்பினேன். சந்தோஷமாகத்தான் வந்தேன். முருகையா அண்ணாச்சி மல்லி காப்பி வாங்கி வைத்திருந்தார். பிள்ளை பிழைத்ததைக் கேட்டதும் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, போன் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். அண்ணாச்சிதான் எடுத்தாராம். "செல்வி எங்க" என்று என் பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டாராம். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு" என்று அண்ணாச்சி சொன்னாராம். அந்தப் பக்கம் என்னவோ கத்திக் கேட்டார், இரைச்சலில் விளங்கவில்லை, வைத்துவிட்டேன் என்றார்.

யார் பிள்ளை, எந்த ஜரினா, எதற்கு ஆஸ்பத்திரி, ஒன்றும் அவர் காதுக்குப் போகவில்லை. காப்பியை அப்படியே கீழே வைத்தேன். அன்று ராத்திரியே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்காரரின் கேம்ப் நம்பரைப் போட்டேன். எடுத்தவர் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. மறுநாள் பிடித்த மழையில் பஜாரில் பாதி போன் செத்துப்போனது, எங்கள் கடை போனும் அந்தப் பூத்து போனும் சேர்த்து. வாரம் முழுக்க ரிசீவரை எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பல வருஷமாக அந்தக் கடையில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம், நானும்தான். இத்தனைக்கும் அன்று அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் பண்ணின பெருமை:

"சுருக்கமா சொல்லி முடிச்சிட்டேன் தங்கச்சி. பாவம், அவருக்குக் காசு ஓடுமில்லா."

அடுத்த வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை ராத்திரி போனுக்கு உயிர் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "ஏளா, நீயா பேசுத? எப்படி இருக்க? ஆபரேசன் எதுவும் பண்ணிட்டாவளா?" குரல் கரகரத்தது. ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன், வேறொருத்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொன்னேன். முதல்முறையாகக் காசு ஓடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் முழுசாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். "வந்துருங்க. கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு இங்க தனியா இருக்க முடியல." கடையில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"போட்டுட்டேம்ளா" என்றார். "உனக்கு என்னமோ ஏதோன்னு கெடந்து அடிச்சிக்கிட்டேன். ஆஸ்பத்திரின்னா செலவாகுமே. அட்வான்ஸ் கேட்டேன். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டா தாரோம்னாங்க. திங்கக்கிழமையே போட்டுட்டேன்." அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்காகத்தான் போட்டார். அதனால் கோபப்படவும் வழியில்லை. ஜரினாவின் பிள்ளை அன்று காலையில்தான் கடைப்பக்கம் வந்து என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துவிட்டுப் போயிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கவும் முடியவில்லை. "சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க. தண்ணி கொதிக்க வச்சுக் குடிங்க" என்றேன். வைத்துவிட்டார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் பீடிக் கம்பெனிக் கணக்கர். வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா, நெற்றியில் வியர்வை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அதே நிற்பு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முருகையா அண்ணாச்சி உள்ளேதான் இருந்தார், அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் நான் பேசி முடிக்கும் வரை, அந்த நிலைமையிலும் காத்து நின்றிருக்கிறார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தேன். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். பிறகு, யாரோ அவரிடம் பெரிய ரகசியத்தைச் சொல்லிவிட்டதால் தானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பது போல, மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு மாத்திரை குடுங்கம்மா. இந்தத் தடவை எனக்குத்தான்."

அதற்குப் பிறகு வந்த அந்த இரண்டு வருஷமும் மேலப்பாளையத்தில் யாருக்காவது வயிறு கெட்டுக்கொண்டே இருந்ததால், பேச ஆளில்லாமல் போய்விட்டது என்று மட்டும் நான் சொல்லவே முடியாது.